சின்ன வீட்டில் ஒருவருக்கு இருமல் காய்ச்சல் வந்தால் மற்றவர்களைக் காப்பது எப்படி?

கேட்டிருப்பவர் களுவாஞ்சிகுடிப் பக்கம் உள்ள ஒரு தங்கச்சி. கொழும்பில் வேலை செய்யும் கணவர் லீவில் வந்த இரண்டாம் நாள் காய்ச்சல், தொண்டை நோ, வறட்டு இருமல், மேல் முழுக்க உளைவு. அவரோடு வேலை செய்யும் இரண்டு பேருக்கு இன்ஃப்ளுவென்சா என்று டொக்டர் சொன்னாராம். இவருக்குப் பரிசோதனை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரே கழிவறை. நாலு வயதில் மகன், ஏழு மாதத்தில் கைக்குழந்தை, சீனி வருத்தமும் முட்டும் (ஆஸ்துமா) உள்ள 71 வயது அம்மா. அக்காவின் வீடு அதே வளவுக்குள் இருக்கிறது. எத்தனை நாள் அவரை ஒதுக்கி வைக்க வேண்டும், அம்மாவை என்ன செய்வது, குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, போன முறை வாங்கி மிச்சம் கிடக்கும் அன்டிபயோட்டிக்கைக் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இன்ஃப்ளுவென்சாவும் கொவிட்டும் வைரஸால் வருபவை, அன்டிபயோட்டிக் அவற்றை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகிவிட்டது என்பதும் தனியே ஒரு காரணம் இல்லை. அந்த மிச்சக் குளிசைகளைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, நாள் கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லோருடைய மனதிலும் 14 என்ற எண் நிற்கிறது. 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கொவிட் தனிமைப்படுத்தலுக்கென்று புணானையில் வைத்ததும், அந்த வருடக் கடைசியில் அக்கரைப்பற்று முடங்கிக் கிடந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அந்த 14 நாள், நோய் தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களை, வருகிறதா இல்லையா என்று காத்திருந்து பார்ப்பதற்காக வைத்த கணக்கு. இப்போது உங்கள் வீட்டில் இருப்பது ஏற்கனவே வருத்தம் வந்தவர். இன்ஃப்ளுவென்சா என்றால் குணங்குறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னிருந்து, தொடங்கி 5 முதல் 7 நாள் வரை மற்றவருக்குத் தொற்றும். அதில் முதல் மூன்று நான்கு நாள்தான் மிக மோசம். கொவிட் என்றால் ஒன்றிரண்டு நாள் முன்னிருந்து, 10 நாள் வரை போகலாம். சின்னப் பிள்ளைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இதைவிடக் கூடுதலான நாள் பரப்புவார்கள்.

எது என்று தெரியாத இடத்தில் நான் வீடுகளுக்குச் சொல்வது இதுதான்: காய்ச்சலோ இருமலோ தொடங்கிய நாளைக் கணக்கில் எடுக்காமல், அதற்கு அடுத்த நாளிலிருந்து முழுசாக 5 நாள் தனி அறை. ஐந்து நாள் முடிந்தது என்பதற்காக மட்டும் வெளியே வரக்கூடாது. பனடோல் போடாமலேயே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும், இருமலும் உளைவும் குறைந்துகொண்டு வரவேண்டும். பனடோல் போட்டு அமர்ந்த காய்ச்சல் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு 10 நாள் ஆகும் வரைக்கும் வீட்டுக்குள் மற்றவர்களுக்குக் கிட்ட வந்தால் மாஸ்க். அம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும் பக்கத்தில் மட்டும் அந்தப் 10 நாளும் போகவே வேண்டாம்.

இனி அம்மா. உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் எனக்குக் கவலை உங்கள் கணவரைப் பற்றி இல்லை. வயது, சீனி, முட்டு மூன்றும் சேர்ந்த உடம்புக்கு இந்த வைரஸ் போனால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடலாம். இரண்டு அறை வீட்டில் நோயாளியை எவ்வளவுதான் ஒதுக்கினாலும் காற்று ஒன்றுதான். ஆகவே அம்மாவை அக்கா வீட்டுக்கு மாற்றுங்கள். மகள்மாருக்கு வளவுக்குள்ளேயே வீடு கட்டிக் கொடுக்கிற எங்கள் ஊர் வழக்கம் இந்த மாதிரி நேரத்தில்தான் கைகொடுக்கும். ஆனால் ஒன்று: உங்கள் கணவர் வந்து இரண்டு நாளாக அம்மாவும் அதே காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார். அவருக்கும் ஏற்கனவே தொற்றி, இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம். இன்ஃப்ளுவென்சா தொற்றி 1 முதல் 4 நாளுக்குள் காட்டிவிடும், கொவிட் இன்னும் கொஞ்சம் பிந்தலாம். எனவே அக்கா வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த யோசனை சரிவராது. இல்லையென்றால் அங்கே அம்மா யன்னலோரமாகத் தனியாகப் படுக்கட்டும், முதல் ஐந்து நாளைக்கு ஆட்களோடு இருக்கும்போது மாஸ்க் போடட்டும்.

அம்மாவுக்குத் தொண்டை கரகரத்தாலோ மேல் சுட்டாலோ "மூன்று நாள் பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம், அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். இன்ஃப்ளுவென்சாவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து இருக்கிறது. குணங்குறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் கூட. எல்லோருக்கும் அது தேவையில்லை, உங்கள் கணவர் மாதிரி ஆரோக்கியமான ஆளுக்குப் பெரும்பாலும் ஓய்வே போதும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், முட்டு, இருதயம், சிறுநீரகம், சீனி என்று ஏதாவது உள்ளவர்கள் விஷயத்தில் கொடுப்பதா என்று டொக்டர் முடிவெடுப்பார். அம்மா முட்டுக்கு இழுக்கும் பம்பை நிறுத்த வேண்டாம், தீரப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சீனிக் குளிசையையும் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது. காய்ச்சலில் சீனி ஏறும். வாந்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பிடவே முடியாமல் போனால் மட்டும், தொடர்வதா என்று கிளினிக்கிலோ டொக்டரிடமோ உடனே கேட்க வேண்டும்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகள் சறுக்குவது இங்கேதான். கதவுப் பிடியை டெட்டோல் போட்டுத் துடைப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட யாரும் யன்னலுக்குக் காட்டுவதில்லை. இந்த நோய்கள் அதிகம் பரவுவது மூச்சோடும் இருமலோடும் காற்றில் வரும் துளிகளால்தான். வெளிச்சுவரில் யன்னல் உள்ள அறையை அவருக்குக் கொடுங்கள். அறைக் கதவைச் சாத்தி, யன்னலை முழுசாகத் திறந்துவிடுங்கள். மேசை ஃபேன் இருந்தால் அதை யன்னலுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், அறைக்குள் இருக்கும் காற்றை அது வெளியே தள்ளும். கதவுப் பக்கம் பார்த்து வைத்தால் அவர் இருமுவது எல்லாம் நேரே நடு வீட்டுக்கு வரும்.

சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. ஒரேயொரு ஊதுபத்தியைக் கொளுத்தி, மூடிய அறைக் கதவின் கீழ் இடுக்குக்குப் பக்கத்தில், வெளியே நின்று பிடியுங்கள். புகை இடுக்கு வழியாக அறைக்குள் இழுபட்டுப் போனால் நல்லது. உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் ஃபேனை மாற்றி வைக்க வேண்டும், அல்லது பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி இடுக்கை அடைக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்க யன்னலால் காற்று உள்ளேதான் வரும். அப்போது எதிர்ப்பக்க யன்னலில் ஃபேனை வையுங்கள். பார்த்து முடிந்ததும் ஊதுபத்தியை அணைத்துவிடுங்கள். கிருமி போகும் என்று வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவதும் வேண்டாம். வைரஸ் அதற்குச் சாகாது, முட்டு உள்ளவருக்குத்தான் நெஞ்சு இறுகும்.

மாலை ஆறு மணிக்கு நுளம்புக்குப் பயந்து எல்லா யன்னலையும் அடைப்பது எங்கள் பழக்கம். வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரமும் அதுதான். யன்னலைத் திறந்தே வைத்துவிட்டு ஆளுக்கு ஆள் நுளம்பு வலை கட்டுங்கள். நுளம்புத் திரியும் இருமலைக் கூட்டும். மழை இல்லாத நாளில், விறாந்தைக்குக் கம்பி அடித்திருந்தால், அவர் வலைக்குள் விறாந்தையிலேயே படுக்கட்டும். அடைத்த அறையைவிட அது எவ்வளவோ மேல்.

கழிவறை ஒன்றுதான் என்பதால் பயப்பட வேண்டாம். அவர் மாஸ்க்கோடு போய், காலையில் மற்றவர்கள் முடித்த பிறகு கடைசியாகக் குளிக்கட்டும். வெளியே வந்ததும் கதவையும் யன்னலையும் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, குழாய்ப் பிடியையும் தாழ்ப்பாளையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீரால் இது பரவாது. கப்பிக் கயிற்றைத் தொட்டுவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கழுவினால் சரி. கோப்பை, தட்டு, உடுப்பு எதையும் எரிக்கவோ எறியவோ தேவையில்லை, வழமையான சவர்க்காரமும் வெயிலும் போதும்.

அவருக்குச் சாப்பாட்டை அறை வாசலில் ஒரு கதிரையில் வைத்துவிட்டு விலகுங்கள். எழும்பி நடக்கக்கூடிய மனிதர் தன் கோப்பையைத் தானே கழுவலாம். காய்ச்சல் வந்ததும் தலையணையைக்கூட மனைவி வந்து திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிற ஆண்கள் எங்கள் ஊரில் குறைவில்லை, ஆனால் கைக்குழந்தை உள்ள தாய் இந்தமுறை அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. உள்ளே போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நாடியில் தொங்கும் மாஸ்க்கால் பிரயோசனம் இல்லை, ஈரமானால் மாற்ற வேண்டும்.

குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். உங்களுக்கே காய்ச்சல் வந்தாலும் மாஸ்க் போட்டு, கையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். இந்த வைரஸ் பாலால் போகாது, உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்திதான் பாலோடு போகும். நாலு வயது மகனுக்கு "அப்பாவிடம் போகாதே" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. யன்னலுக்கு வெளியே முற்றத்தில் நின்று அப்பாவோடு கதைக்க விடுங்கள், திறந்த வெளியில் தள்ளி நின்றால் அவ்வளவு பயம் இல்லை.

பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட மூச்சு எத்தனை என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது, அல்லது நித்திரையில், சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எழும்பும் ஒவ்வொரு தடவையையும் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டாம், சின்னவர்களின் மூச்சு ஒரே சீராக இருக்காது. 2 மாதம் தொடங்கி ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அது வேக மூச்சு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், மூச்சோடு முனகினால், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டால், எழுப்பியும் சோர்ந்து கிடந்தால், எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே புறப்படுங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே உடனே காட்ட வேண்டும்.

மருந்து என்று பார்த்தால் பனடோல்தான். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவு, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பாமசியில் தடிமனுக்குத் தரும் கலப்புக் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பனடோலில் உள்ள அதே பரசிற்றமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறிவிடும். பிள்ளைக்கு வயதைப் பார்த்து இல்லை, நிறையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்து என்றால் 12 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்குக் கூடியது 7.5 மில்லிலீற்றர். குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள், மருந்தோடு வரும் மூடியோ சிரிஞ்சோ இருக்கிறது.

இங்கே இன்னொரு விஷயம். மழை தொடங்கிய மாதங்களில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டெங்கும் சேர்ந்து வரும். இருமல், மூக்கு ஒழுகல் இருந்தால் சளிக் காய்ச்சலாக இருக்கத்தான் வாய்ப்புக் கூட, ஆனால் அதை வைத்து டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே காய்ச்சலுக்கோ நோவுக்கோ இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் வாங்கிப் போடக்கூடாது. டெங்கு என்றால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும், பிள்ளைகளுக்கு அஸ்பிரின் வேறு விதத்திலும் ஆபத்து. அம்மா இருதயத்துக்கு என்று ஏற்கனவே அஸ்பிரின் எடுப்பவரானால் அதைப்பற்றி டொக்டரிடம் கேளுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஆள் தெளியாமல் கை கால் குளிர்ந்து, வயிறு நொந்து, சிறுநீர் குறைந்தால் அது சுகமாவதற்கு அடையாளம் இல்லை, அப்போதுதான் ஓட வேண்டும். வயலில் சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலும் நினைவில் இருக்கட்டும், டொக்டரிடம் வயல் வேலையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் வேண்டாம். கஞ்சி, ரசம், சொதி, சோறு, மீன், முட்டை, அவருக்கு இறங்குவது எதுவும் சரி. தண்ணீர்தான் முக்கியம். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது காணாது என்று அர்த்தம். இளநீர் நல்லது, ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு அதில் உள்ள பொட்டாசியம் ஆகாது. கொத்தமல்லித் தண்ணீரும் இஞ்சிப் பிளேன்டீயும் தொண்டைக்கு இதமாக இருக்கும், நோயை மாற்றும் என்று மட்டும் எண்ண வேண்டாம். இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது. ஆவி பிடிப்பதை விரும்பினால் வளர்ந்தவர் பிடிக்கட்டும். நாலு வயதுக்காரன் ஓடித்திரியும் வீட்டில் கொதிதண்ணீர்ச் சட்டியைத் தரையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அப்படி வெந்து வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு தடிமன் காலத்திலும் உண்டு.

வளர்ந்தவருக்கு எப்போது ஆஸ்பத்திரி? ஒரு வசனத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியாவிட்டால், நெஞ்சு நொந்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஆள் தடுமாறிக் கதைத்தால், உடனே. விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் கிடைத்தால் நல்லது. நகப்பூச்சோ கறுத்த மருதோன்றியோ இல்லாத விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு மாட்டி, எண் நிலைக்கும் வரை பாருங்கள். 95ம் அதற்கு மேலும் சரி. 94 அல்லது அதற்குக் கீழே திரும்பத் திரும்பக் காட்டினால் அன்றைக்கே காட்ட வேண்டும், 90க்குக் கீழே என்றால் அவசரம். முதல் நான்கைந்து நாளில் சுகமாகி வந்தவருக்குத் திடீரென்று காய்ச்சல் திரும்பி, இருமல் கூடினால் அது நியூமோனியாவாக இருக்கலாம், அதையும் விட்டுவைக்கக் கூடாது.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். நீங்கள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கிறீர்கள். இதை வாசிக்கும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஆட்கள் கொஞ்சம் முந்தியே முடிவெடுக்க வேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடப்பதா, சுற்றிப் போவதா என்பதை ஆளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு நடு இரவில் யோசிக்கக் கூடாது. நேரம் பட முதலே ஓட்டோக்காரத் தம்பி ஒருவரின் நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வருவார்கள். ஹோர்லிக்ஸ் போத்தலோடும் பிஸ்கட்டோடும் வந்து கட்டிலில் குந்தி அரை மணி நேரம் கதைத்துவிட்டுப் போவார்கள். முகம் கோணாமல் படலையிலேயே சொல்லிவிடுங்கள்: "மாமி, கைக்குழந்தை இருக்கிற வீடு, அடுத்த கிழமை வாங்க." இன்ஃப்ளுவென்சாவுக்கு யாரும் வாசலில் நோட்டீஸ் ஒட்ட வரப்போவதில்லை, மறைக்கவும் ஒன்றும் இல்லை. மறைத்தால்தான் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணி தெரியாமல் வந்து போவார்.

காய்ச்சல் விட்ட பிறகும் ஒன்றிரண்டு கிழமை களைப்பு இருக்கும், இருமல் அதைவிடவும் இழுக்கலாம். அந்த இருமல் இருக்கிறது என்பதற்காக ஆள் இன்னும் தொற்றுகிறார் என்று இல்லை. ஆனாலும் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் ஒருமுறை சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். காசநோய் இல்லாத ஊர் இல்லை, பரிசோதனையும் மருந்தும் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். பாரம் தூக்குவது, பந்தடிப்பது எல்லாம் படிப்படியாகத் தொடங்கட்டும். நடக்கும்போது நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ நிறுத்திவிட்டு டொக்டரைப் பார்க்க வேண்டும்.

லீவு முடிகிறது என்று மூன்றாம் நாள் இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறத்தான் உங்கள் கணவர் பார்ப்பார். யன்னல் திறக்காத ஏசி பஸ்ஸில் இரவு முழுக்க இருமிக்கொண்டு போவது, பக்கத்துச் சீட்டில் இருக்கும் இன்னொருவருடைய அம்மாவுக்கு வருத்தத்தைக் கொடுத்தனுப்புவதுதான். டொக்டரிடம் மெடிக்கல் எடுத்து வேலைத் தலத்துக்குப் போனில் அனுப்பட்டும். ஐந்து நாளும் கழிந்து, காய்ச்சல் இல்லாத 24 மணித்தியாலமும் கழிந்து, புறப்படும்போது 10 நாள் ஆகவில்லை என்றால் கொழும்பில் இறங்கும் வரைக்கும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். ஏசி இல்லாத பஸ் கிடைத்தால் அதில், யன்னலோரச் சீட்டு.